பதினோராம் குடிசையில் நான்கு பேர்

வெளிநாட்டு நகரொன்றின் விரி என்ற பகுதியில் லூசியா வேலை செய்யும் பண்டசாலையில் காலை இடைவேளை பதினைந்து நிமிடம். அந்த வெள்ளிக்கிழமை அவள் தேநீர்க் கோப்பையைத் தொடவே இல்லை. டெஸ்மன் அண்ணா குடும்பக் குழுவுக்கு அனுப்பியிருந்த புத்தகத்தின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெஸ்மன் அவளுடைய பெரியப்பாவின் மகன். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாகப் பழைய குடிசனக் கணக்குகளையும் கோயில் பதிவுகளையும் வாக்காளர் இடாப்புகளையும் தேடி எடுத்து, மன்னார்க் கரையில் சிலுவைக்கரை என்ற ஊரிலிருந்து கிளம்பிய தங்கள் குடும்பத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பிழை இருந்தால் ஞாயிறுக்குள் சொல்லுங்கோ என்று குழுவில் போட்டிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கும் குழு அது. அதற்குள்ளேயே முப்பது பேர் கை கூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

பக்கத்தில் இப்படி இருந்தது:

'செபஸ்ரியன், பிறப்பு 1952, கடற்றொழில். 1990ஆம் ஆண்டு சுற்றிவளைப்பின்போது காணாமற்போனதாகக் குடும்பத்தினர் கூறுவர். எனினும் 1996ஆம் ஆண்டு அகதி முகாம் குடிசனக் கணக்கில், மனைவி பவுலீனா, மகள்மார் லூசியா, றோஷினி (8 மாதம்) ஆகியோருடன் வசித்ததாகப் பதிவு உள்ளது.'

லூசியாவுக்குத் தங்கை கிடையாது. தகப்பனைக் கொண்டுபோனபோது அவளுக்கு எட்டு வயது. கொண்டுபோனவர்கள் விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். அவர் மேலே ஒன்றும் போடாமல் சறத்தோடு போனார். சேட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியவள் லூசியாதான்.

முதலில் கோபம் வரவில்லை. அதைத்தான் பிறகு அவளால் மன்னிக்க முடியவில்லை. முதலில் வந்தது ஒரு கழித்தல் கணக்கு. தொண்ணூற்றாறில் நாற்பத்து நான்கு என்றால் இப்போது எழுபத்து மூன்று. எழுபத்து மூன்று வயதில் ஒரு மனிதர் உயிரோடு இருப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. இந்த எண்ணம் வந்த அதே நொடியில், நாற்பத்து மூன்று வயதில், மஞ்சள் வேலைச் சட்டையோடு, வெளிநாட்டுச் சாப்பாட்டறையில், அவள் தகப்பனுக்காக ஒரு குழந்தையைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மணி அடித்தது. உள்ளே போய் மூன்று மணிவரை பெட்டிகளை எண்ணினாள்.

ரானுயியில் உள்ள வீட்டுக்குக் காரோட்டி வரும்போதுதான் கோபம் ஏறியது. அதுவும் தகப்பன் மேல். தொண்ணூற்றொன்றில் அம்மா அவளை நீர்கொழும்பில் கன்னியர் விடுதியில் கொண்டுபோய் விட்டாள். ஒன்பது வருடம் அங்கே இருந்தாள். மாதத்தின் கடைசி ஞாயிறு பார்வையாளர் நாள். மற்றப் பிள்ளைகளுக்கு ஆட்கள் வருவார்கள். அம்மா அகதி முகாமிலிருந்து பயணப் பாஸ் எடுத்து, சோதனைத் தடைகளைத் தாண்டி, வருடத்தில் ஒருமுறை வருவாள். மற்றப் பதினொரு ஞாயிறும் லூசியா வாசலைப் பார்த்தபடி தலை பின்னிக்கொண்டிருப்பாள். அப்படியென்றால் அவர் இருந்திருக்கிறார். முகாமில், ஒரு குடிசையில், ஒரு கைக்குழந்தையோடு. ஒரு ஞாயிறுகூட வரவில்லை. 'வரட்டும், கண்டுபிடித்து நான் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறார் பார்ப்போம்' என்று ஸ்டியரிங்கை அடித்தாள். அடித்த பிறகுதான் தான் யாரோடு சண்டை பிடிக்கிறோம் என்பது உறைத்தது.

வீட்டில் மகள் ஜனுஷா மடிக்கணினியோடு சோபாவில் கிடந்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். டெஸ்மனுக்குத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள்தான்.

"நாப்பத்து மூண்டாம் பக்கம் நீயோ ரைப் பண்ணினது?"

ஜனுஷா நிமிராமல், "யா," என்றாள்.

"அது ஆர் எண்டு தெரியுமோ உனக்கு?"

"தாத்தா. ஐ நோ. மாமாவிட்டச் சொன்னனான், அம்மாட்டக் கேட்டுட்டுப் போடுவம் எண்டு. அவர்தான் சொன்னார், ரெக்கோட் இஸ் ரெக்கோட், ஃபீலிங்ஸ் பாத்தால் புத்தகம் எழுதேலாது எண்டு."

"நீ எனக்குச் சொல்லேல்லை."

"நீங்கள் தாத்தாவைப் பற்றி ஒரு நாளும் கதைக்கிறேல்லையே அம்மா. ஹவ் வுட் ஐ நோ வாட் டு சே?"

லூசியாவின் வாயில் வந்த சொல் பிள்ளைக்குச் சொல்லக் கூடாத சொல். அதை விழுங்கினாள். பின்கட்டில் சலவைத் தொட்டியருகே அம்மா பவுலீனா யாரோடோ போனில் மீன் விலை கதைத்துக்கொண்டிருந்தாள். லூசியா அந்தப் பக்கம் போகவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து, 'அப்பா இருந்தவரோ' என்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. 'ஓம்' என்றாலும் பயம், 'இல்லை' என்றாலும் பயம். இல்லையென்றால் அந்தக் குழந்தை யார்?

சனிக்கிழமை காலை ஜனுஷாவையும் ஏற்றிக்கொண்டு டெஸ்மன் வீட்டுக்குப் போனாள்.

டெஸ்மனின் சாப்பாட்டு மேசை முழுக்கக் கோப்புகள், நிற நிறமாக ஒட்டிய தாள்கள். அவர் தேநீர் ஊற்றினார். அவசரப்படவில்லை.

"கோவமா வந்திருக்கிறாய். இரு பிள்ளை. கோவத்தில ஒருத்தரும் ஒண்டும் வாசிக்கேலாது."

"நான் வாசிச்சிட்டுத்தான் வந்தனான் அண்ணா. 'குடும்பத்தினர் கூறுவர்' எண்டு எழுதியிருக்கிறியள். நாங்கள் கூறுறமோ? என்ர கண்ணுக்கு முன்னால கொண்டுபோனவங்கள்."

"கொண்டுபோனதை நான் மறுக்கேல்லை. கொண்டுபோன ஆக்களில கொஞ்சப் பேர் திரும்பி வந்தவையும்தானே. சில பேர் வந்ததை வெளியில சொல்லேல்லை. பயம். பிறகு வெளிநாட்டுக்கு வரேக்க விண்ணப்பத்தில ஆரார் என்னென்ன எழுதினவை எண்டு நான் கேக்கேல்லை. நான் கேக்கவும் மாட்டன்."

லூசியா கோப்பையைத் தள்ளி வைத்தாள். "எங்கட விசாவுக்காக அப்பாவைச் சாகடிச்சம் எண்டு சொல்லுறியளோ?"

"நான் சொல்லேல்லை. நீதான் சொல்லுறாய்."

அவர் எண்பத்தெட்டிலேயே இங்கே வந்துவிட்டவர். முகாம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. லூசியாவுக்கும் தெரியாது என்பதுதான் அவளைச் சுட்டது. அந்த மேசையில் உண்மையாக எதுவும் அறிந்தவர் ஒருவரும் இல்லை.

டெஸ்மன் ஒரு கோப்பிலிருந்து அச்செடுத்த படத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். கணக்கெடுத்த ஆசிரியர் ஒருவர் இறந்த பிறகு, அவருடைய மகன் வீட்டில் கிடந்த பதிவேட்டைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். குடிசை இலக்கம் பதினொன்று. பெயர், வயது, தொழில், குடும்பத் தலைவருக்கு உறவு. கடைசி நிரலில் 'இருக்கிறார்' என்று நான்கு தடவை. அடியில் அம்மாவின் கையெழுத்து. 'பவுலீனா' என்ற பெயரில் கடைசி எழுத்தின் காலை அவள் எப்போதும் கீழே இழுத்துவிடுவாள். இதிலும் இழுத்துவிட்டிருந்தாள்.

"இந்தக் கடைசி வரியைப் பார். றோஷினி, எட்டு மாசம்." டெஸ்மன் குரலைத் தாழ்த்தினார். ஜனுஷாவுக்குக் கேட்கக்கூடாது என்று தாழ்த்தினாராம். அவள் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். "நான் சின்னம்மாவைக் காப்பாத்தித்தான் எழுதியிருக்கிறன், லூசியா. சித்தப்பா அங்க இருந்தார் எண்டால் எல்லாம் சரி. இல்லையெண்டால் அந்தப் பிள்ளை ஆரின்ர? நாளைக்குக் கோயில் மண்டபத்தில நாலு பேர் கேப்பினம். நீ என்ன மறுமொழி வச்சிருக்கிறாய்?"

ஆக அவர் வைத்திருந்தது இரண்டு வாசல். ஒன்றில் அப்பா ஓடிப்போன மனிதர். மற்றதில் அம்மா. எதில் நுழைவது என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்தார்.

லூசியா தாளைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தாள். அப்படிப் பார்த்தபோதுதான் மூன்றாம் வரி கண்ணில் பட்டது. நேற்றிலிருந்து தகப்பனின் பெயரையும் குழந்தையின் பெயரையுமே மனதில் வைத்திருந்தவள், நடுவில் இருந்த தன் பெயரை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. 'லூசியா, 14, மாணவி, இருக்கிறார்.'

"அண்ணா, இது எந்த மாசம் எடுத்த கணக்கு?"

"சித்திரை, தொண்ணூற்றாறு."

"நான் அப்ப நீர்கொழும்பில. கன்னியர் மடத்தில. அந்த முகாமில நான் ஒரு இரவும் படுத்ததில்லை. என்னையும் இருக்கிறார் எண்டு எழுதியிருக்கே!"

டெஸ்மனின் பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்தது.

"லீவுக்கு வந்திருப்பாய். மறந்திருப்பாய்."

"பாதை பூட்டிக் கிடந்தது. நான் மறக்கேல்லை. எங்கட வெயார்ஹவுஸிலயும் இப்பிடித்தான், சிஸ்டத்தில நாப்பது பெட்டி இருக்கு எண்டு காட்டும், ஏணியில ஏறிப் பாத்தால் தட்டு வெறுமை. நாங்கள் ஏறிப் பாப்பம் அண்ணா. நீங்கள் மூண்டு வருசமா ஏறவே இல்லை."

சொல்லும்போது வென்றுவிட்டது போல இருந்தது. காருக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் என்ன வென்றோம் என்று விளங்கியது. அவளுடைய வரி பொய்யென்றால் முதல் வரியும் பொய். எழுபத்து மூன்று வயது மனிதர் ஒரு பகலும் ஒரு இரவும் வாழ்ந்துவிட்டு, டெஸ்மனின் சாப்பாட்டு மேசையில், அவள் வாயாலேயே மறுபடி போய்விட்டார். ஜனுஷா ஏதோ கேட்டாள். லூசியா, "வாயை மூடிக்கொண்டு வா," என்றாள்.

பவுலீனா சலவைத் தொட்டியில் ஸ்னாப்பர் மீன் தலைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். படகுத் துறையில் வெள்ளைக்காரர்கள் சதையை மட்டும் சீவி எடுத்துவிட்டுத் தலையை இனாமாகக் கொடுப்பார்கள். ஒரு வாளி நிறையக் கொண்டுவந்திருந்தாள். அறுபத்தெட்டு வயதுக்கு அவள் கை இன்னும் கடற்கரைப் பெண்ணின் கைதான்.

லூசியா தாளைத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். "இது என்னம்மா?"

பவுலீனா தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"மாஸ்டற்ற எழுத்து," என்றாள். "நல்ல எழுத்து அவருக்கு."

"நான் எழுத்தைக் கேக்கேல்லை. அப்பா எப்பிடி இதில வந்தவர்? நான் எப்பிடி வந்தனான்? இந்தப் பிள்ளை ஆரின்ர?"

"கத்தாத. பக்கத்து வீட்டுக்காரர் தங்கட நாய்க்கு என்னவோ நடந்துபோச்சு எண்டு வந்து நிப்பினம்." கத்தியைக் கீழே வைத்தாள். "நான்தான் சொன்னனான். நாலு பேர் எண்டு. நான் ஒருத்தி எண்டால் குடுக்கிற நிவாரண அரிசி நாலு நாளைக்கும் காணாது. அதுக்கென்ன இப்ப?"

"அந்தப் பிள்ளை?"

"ஏழாம் குடிசைக்காரியின்ர. எல்லாரும் மாறி மாறித் தூக்கினம். மாஸ்டர் முன் வாசலால வெளிக்கிட, பின் பக்கத்தால அடுத்த குடிசைக்குப் பிள்ளை போகும். கைக்குழந்தை இருந்தால் பால்மா."

"மாஸ்டருக்குத் தெரியாதோ?"

பவுலீனா சிரித்தாள். அந்தச் சிரிப்பு லூசியாவுக்குப் பற்றி எரிந்தது. "தெரியாமலோ? ஏழாம் குடிசையிலயே அது அவற்ற சேட்டில மூத்திரம் பெய்து போட்டுது. என்னட்ட வரேக்க சேட் காயேல்லை. பிள்ளையைப் பாத்தார், சேட்டைப் பாத்தார், இவவுக்கு என்ன பேர் எண்டு கேட்டார். றோஷினி எண்டன். எழுதினார்."

"பால்மாவை அந்தப் பிள்ளைக்குக் குடுத்தனீங்களோ?"

"கொஞ்சம். மிச்சம் தேத்தண்ணிக்கு."

"இதை ஏனம்மா எனக்கு இவ்வளவு வருசமாச் சொல்லேல்லை?"

"உனக்கு ஏன் சொல்லவேணும்?" பவுலீனாவின் குரல் ஏறியது. "நீ மடத்தில மூண்டு நேரமும் சாப்பிட்டாய். சப்பாத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் போனாய். உன்ர பங்கை நான் தின்னனான் எண்டு வந்து உனக்குச் சொல்லவோ? கிழமைக்குக் கிழமை அரிசி குடுக்கிற மேசையில இருந்து பேர் கூப்பிடுவாங்கள். 'செபஸ்ரியன்' எண்டு கூப்பிடுவாங்கள். நான் ஓம் எண்டு கையைத் தூக்குவன். சுத்திவர நிக்கிற ஒருத்தரும் சிரிக்கேல்லை. அவையளும் தங்கட தங்கட மனுசன்மாரின்ர பேருக்குக் கை தூக்கினவை. நாலு வருசம் நான் அவற்ற பேருக்கு ஓம் சொன்னனான். அவன் டெஸ்மன் எத்தினை தரம் சொன்னவன்?"

நேற்றிலிருந்து தகப்பனோடு பிடித்த சண்டை, டெஸ்மனோடு பிடித்த சண்டை எல்லாம் ஒரு வரிசையில் வந்து நின்று, அம்மாவின் ஈரக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவளும் அம்மாவைச் சந்தேகப்பட்டிருந்தாள். காரோட்டி வரும்போது மனதின் ஒரு மூலையில், 'அம்மா அப்படிச் செய்திருந்தாலும் செய்திருப்பாள்' என்று ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலுக்கு அவள் 'சீ' என்றுகூடச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு வந்தாள். டெஸ்மன் அதை வாயால் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அம்மா." ஜனுஷா வாசலில் மடிக்கணினியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். "மாமா எங்கட பேஜ் மட்டும்தான் பாத்தவர். என்னட்ட அந்த முழு ரெஜிஸ்டரும் இருக்கு. லுக்."

ஏழாம் குடிசையிலிருந்து பதினைந்தாம் குடிசைவரை ஒன்பது பக்கம். அதில் ஏழு பக்கத்தில் ஒரு எட்டு மாதப் பெண் குழந்தை. நிலானி. சிவானி. லோஜனா. றோஷினி. பிரணவி. ஒரு வீட்டில் பெயரே இல்லாமல் 'குழந்தை'. இன்னொன்றில் எழுத்து அழிந்திருந்தது. ஒன்பது வீட்டிலும் குடும்பத் தலைவர் ஒரு ஆண், கடற்றொழில், இருக்கிறார்.

"நைன் மென்," என்றாள் ஜனுஷா. "ஒருத்தரும் இருக்கேல்லையோ அம்மம்மா?"

"ரெண்டு பேர் இருந்தவை," என்றாள் பவுலீனா. "ஒராளுக்குக் கால் இல்லை."

லூசியா டெஸ்மனுக்கு அங்கிருந்தே போன் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, ஒன்பது பக்கத்தையும் வாசித்துக் காட்டினாள். மறுபக்கத்தில் டெஸ்மன் இருமினார்.

"சரி. அப்ப ஒண்டு செய்வம். ரெண்டு வசனத்தையும் எடுத்துவிடுவம். பிறந்தது, கலியாணம் கட்டினது. அதோட நிப்பாட்டுவம்."

"ஏன்? உண்மையை எழுதுங்கோவன்."

"லூசியா, யோசி. அந்த ஏழு வீட்டில மூண்டு வீட்டாக்கள் இஞ்ச இருக்கினம். ஒராள் கோயில் கமிற்றியில. பிள்ளையள் டொக்டர். நிவாரணக் கள்ளர் எண்டு அச்சடிச்சு அவையின்ர கையில நான் குடுக்கவோ? வெறுமையா விட்டால் ஒருத்தருக்கும் நட்டம் இல்லை."

"எங்கட அப்பாவுக்கு நட்டம். நேற்று நூற்றுப் பன்னிரண்டு பேர் வாசிச்சிட்டினம், மனுசன் உயிரோட இருந்து பெண்சாதி பிள்ளையைக் கைவிட்டவர் எண்டு. அதை வெறுமையால அழிக்கேலாது. அந்தப் பிள்ளை ஆரின்ர எண்டு எங்கட அம்மாவைப் பற்றிக் கேட்டீங்களே, அதையும் அழிக்கேலாது."

"நான் நல்ல எண்ணத்தோட..."

லூசியா போனை வைத்தாள்.

பிறகு குழுவைத் திறந்து எழுதத் தொடங்கினாள். ஜனுஷா போனை வாங்கி, லூசியா சொல்லச் சொல்லத் தட்டினாள். மற்ற வீடுகளின் பெயரைச் சொல்லவில்லை. பதினோராம் குடிசையில் எழுதப்பட்ட நான்கு பேரில் உண்மையாக இருந்தவர் ஒருவர். லூசியா விடுதியில் இருந்தாள். குழந்தை பக்கத்து வீட்டுப் பிள்ளை, நிவாரணத்துக்காகக் கைமாறிய பிள்ளை. செபஸ்ரியன் பெயரில் இருந்தது அரிசி.

"தாத்தா டெட் எண்டு போடவேணும்," என்றாள் ஜனுஷா தமிழும் ஆங்கிலமுமாக. "வருசம் என்ன? மாமாட ஃபோமில இறப்பு எண்டு ஒரு பெட்டி இருக்கு. அதுவும் எம்டி."

லூசியா வாயைத் திறந்தாள். வருடம் வரவில்லை. இரண்டு நாளாக இதற்காகத்தான் கத்தினாள். அவர் போய்விட்டார், திரும்பவில்லை, அதை நம்புங்கள் என்று. இப்போது நம்புவதற்கு எல்லோரும் தயார். ஒரு எண்ணைச் சொல்ல அவளால் முடியவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் அந்த வீட்டில் ஒருவரும் அந்த எண்ணைச் சொன்னதில்லை. அவர் ஆன்மாவுக்கென்று ஒரு பூசை ஒப்புக்கொடுத்ததில்லை. எந்தப் பதிவிலும், இந்த நாட்டுப் படிவங்களிலும், அம்மா தன்னைக் கைம்பெண் என்று எழுதவிட்டதில்லை.

"தொண்ணூறு எண்டு போடு," என்றாள் பவுலீனா தொட்டிப் பக்கமிருந்து. திரும்பவில்லை. "ஆனி மாசம். கையெழுத்து வேணுமெண்டால் நான் வைக்கிறன். பொய்க்கு வச்சனான்தானே."

ஜனுஷா தாயைப் பார்த்தாள். லூசியா தலையசைத்தாள். செய்தி போனது.

ஒவ்வொருவராகப் பார்ப்பது தெரிந்தது. யாரும் கை கூப்பவில்லை. ஒரு நிமிடத்துக்குள் டெஸ்மனின் பெயர் திரையில் எழும்பி, போன் அடிக்கத் தொடங்கியது. லூசியா அதை அணைக்கப் போனாள்.

"நிப்பாட்டாத," என்றாள் பவுலீனா. குழாயைப் பூட்டிவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சலவைக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். "எடு. எடுத்துக் கதை. சத்தமாக் கதை. நான் இருந்து கேக்கவேணும்."

லூசியா எடுத்தாள்.

"ஓம் அண்ணா," என்றாள். "சொல்லுங்கோ."